விதை முளைக்காவிட்டால் வழக்கு: தொடக்கமும் போக்கும்

மழை பெய்து நிலம் பதமாகி, பட்டம் தவறாமல் விதைத்துவிட்டு, பத்தாம் நாள் வயலைப் பார்த்தால் பாதி சால் வெறுமையாகக் கிடக்கிறது. விவசாயிக்கு இது புதிய அனுபவம் அல்ல. முன்பு வீட்டுக் குலுக்கையில் இருந்த விதையை விதைத்தார்கள். முளைக்காவிட்டால் நொந்துகொள்வதோடு சரி. இன்று வீரிய ஒட்டு மக்காச்சோளமும், சூரியகாந்தியும், மிளகாயும், காய்கறிகளும் பெரும்பாலும் கடையில் பணம் கொடுத்து வாங்கிய விதையிலிருந்தே விளைகின்றன. பணம் கொடுத்து வாங்கிய பொருளில் குறை இருந்தால் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைப் பெறுவதற்குள் என்னென்ன நடக்கும், எவ்வளவு காலம் ஆகும், யார் யாருக்கு என்ன சங்கடம் என்பது தெரியாமலேயே பலர் வழக்கில் இறங்குகிறார்கள். அதைவிடப் பலர், நியாயம் தம் பக்கம் இருந்தும், எதுவும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான்.

குற்றம் விதையினுடையதா?

கடைக்காரரிடம் போவதற்கு முன் இந்தக் கேள்வியை விவசாயி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குச் சரியான பதில் இல்லாமல் தொடுத்த வழக்கு கடைசியில் நிற்பதில்லை.

சட்டப்படி ஒவ்வொரு பயிருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் வகுக்கப்பட்டுள்ளது. நெல்லுக்கு 80 சதவீதம், வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு 90, சூரியகாந்திக்கும் நிலக்கடலைக்கும் 70, மிளகாய்க்கு 60. மிளகாய் விதை நூறு போட்டு அறுபது முளைத்தால் அது சட்டப்படி நல்ல விதை. மீதி நாற்பதுக்காக யாரையும் கேட்க முடியாது. இதை அறியாமல், "பாதிக்குப் பாதிதான் முளைத்தது" என்று மிளகாய் விவசாயி புகார் எழுதினால், கம்பெனி வக்கீல் அதைத் தனக்குச் சாதகமாகவே படித்துக் காட்டுவார்.

அடுத்து, விதை நன்றாக இருந்தும் முளைக்காமல் போகும் காரணங்கள். ஆழமாக விழுந்த விதை, விதைத்தபின் பெய்த அடைமழையால் இறுகிப்போன மேல்மண், எறும்பும் பறவையும் எடுத்தது, அடியுரம் விதையின் மேலேயே பட்டது, ஈரம் போதாமல் பாதி ஊறிக் கெட்டது - இவை எல்லாமே பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். வெறும் சாலை இரண்டு கைப்பிடி தோண்டிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். விதை முளைவிட்டு மேலே வர முடியாமல் வளைந்து கிடந்தால் குற்றம் மண்ணில். விதையே காணோம் என்றால் எறும்பையோ பறவையையோ சந்தேகிக்க வேண்டும். ஈரத்தில் இருந்தும் முளை எடுக்காமல் அழுகியோ அப்படியே கல்லாகவோ கிடந்தால் விதையின் மேல் சந்தேகம் வலுப்படும்.

ஒரே பையை வாங்கி வெவ்வேறு நிலத்தில் விதைத்தவர்களை விசாரிப்பது இன்னும் நல்லது. பக்கத்து ஊரில் வேறு மண்ணில், வேறு நாளில் விதைத்த அதே குவியல் எண் கொண்ட விதையும் முளைக்கவில்லை என்றால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. அங்கே நன்றாக முளைத்திருந்தால் வழக்கு எண்ணத்தை விட்டுவிட்டு மறுவிதைப்புக்கு வழி பார்ப்பது மேல்.

கலப்பு விதை, இனத்தூய்மைக் குறைவு ஆகியவை வேறு வகை. பயிர் செழிப்பாக வளர்ந்து, பூக்கும்போதுதான் சில செடிகள் உயரமாகவும், சில முந்தியும் சில பிந்தியும் வருவது தெரியும். அதற்குள் செலவு எல்லாம் முடிந்திருக்கும். முளைக்காத விதையால் நஷ்டம் விதையும் உழவும் மட்டும். மறுவிதைப்புக்குச் சில சமயம் நாளும் இருக்கும். கலப்பு விதையால் ஒரு பட்டமே போகும்.

கையில் இருக்க வேண்டியவை

வழக்கின் பாதி, விதை வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உரிமம் பெற்ற விற்பனையாளர் விதை வாங்குபவருக்கு ரொக்கமானாலும் கடனானாலும் பில் கொடுக்க வேண்டும். பயிர், ரகம், குவியல் எண், அளவு, விலை, தேதி ஆகியவை பில்லில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். துண்டுச் சீட்டில் "விதை 2 பாக்கெட்" என்று எழுதி வாங்கி வந்தால், எந்தக் கம்பெனி, எந்தக் குவியல் என்பதையே நிரூபிக்க முடியாது. கடனுக்கு வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் பில் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பில் கேட்பது கடைக்காரரை அவமதிப்பது ஆகாது.

பில் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். நிலம் ஒருவருடையது, வாரத்திற்குப் பயிரிடுபவர் மற்றொருவர் என்றால், பயிரிடுபவர் பெயரில் பில் வாங்க வேண்டும். நஷ்டப்பட்டவர் அவர். அடங்கலில் அந்தப் பயிர் பதிவாகியிருப்பது அவருக்கு மேலும் ஒரு பலம்.

பையையும் அட்டையையும் களத்தில் வீசிவிடக் கூடாது. சான்று பெற்ற விதையில் நீல நிற அட்டையும், உண்மைநிலை விதையில் பச்சை நிற அட்டையும் இருக்கும். முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலாவதி ஆகியவை அதில்தான் அச்சாகி இருக்கின்றன. பையைக் கிழிக்கும்போது தையல் இருக்கும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கம் கிழித்தால் அட்டையும் முத்திரையும் சேதமில்லாமல் இருக்கும்.

விதைநேர்த்தி செய்வதற்கு முன் இருநூறு முந்நூறு விதைகளை அதே பையில் கட்டி, ஈரமும் உரமும் படாத இடத்தில் மாட்டி வைக்கலாம். விவசாயி விதையை மிச்சம் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைப் பின்னால் பார்ப்போம். கட்டாயம் இல்லாவிட்டாலும், வைத்திருப்பவருடைய வழக்கு சீக்கிரம் முடியும்.

அந்த விதையில் நூறை எடுத்து ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வீட்டிலேயே முளைப்பு தெரிந்துவிடும். மக்காச்சோளத்திற்கு 7 நாள், சூரியகாந்திக்கும் நிலக்கடலைக்கும் 10 நாள், நெல்லுக்கும் மிளகாய்க்கும் 14 நாள் பொறுத்து எண்ண வேண்டும். இந்த எண்ணிக்கை சாட்சியம் ஆகாது. மேற்கொண்டு போவதா, வேண்டாமா என்று விவசாயி தானே முடிவு செய்ய உதவும், அவ்வளவுதான். சாட்சியம் ஆகவேண்டுமானால் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கை வேண்டும். விதைப்பதற்கு முன்பே அங்கு மாதிரி கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ள வசதி உண்டு. கட்டணம் சொற்பம். நிறைய விதை வாங்குபவர்களும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே குவியலை வாங்குபவர்களும் இதைச் செய்தால் வழக்கே எழாது.

உழுது போடுவதா, விட்டு வைப்பதா?

விவசாயிக்கு வரும் மிகப் பெரிய தர்மசங்கடம் இதுதான். முளைக்காத வயலை அப்படியே விட்டு வைத்தால் அதிகாரிகள் வந்து பார்க்கலாம். ஆனால் ஈரம் போய்விடும், பட்டம் தப்பிவிடும். உடனே உழுது மறுவிதைப்பு செய்தால் பட்டம் கிடைக்கும். ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வயலே சாட்சி. உழுதுவிட்டால் சாட்சியை அழித்தது போல ஆகிவிடுகிறது. வீட்டில் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்று உழுதவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வழக்கு அவருக்கு இரக்கம் காட்டாது.

இரண்டையும் ஓரளவு காப்பாற்ற வழி உண்டு. முளைப்பு குறைவு என்று தெரிந்த அன்றே வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். மிளகாய், தக்காளி, வெண்டை போன்றவற்றிற்குத் தோட்டக்கலை உதவி இயக்குநருக்குக் கொடுக்க வேண்டும். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். கடைக்காரருக்கும், பையில் முகவரி உள்ள கம்பெனிக்கும் அதே நாளில் பதிவுத் தபாலில் தகவல் அனுப்பி, "இத்தனை நாளுக்குள் வயலை வந்து பாருங்கள், அதன்பின் மறுவிதைப்பு செய்ய வேண்டியிருக்கிறது" என்று தெளிவாக எழுத வேண்டும்.

அதற்குள் யாரும் வராவிட்டால் முழு வயலையும் உழுதுவிடாமல், வயலின் இரண்டு மூன்று இடங்களில் சில சென்ட் அளவுக்குப் பட்டையாக விட்டு வைத்து மீதியை உழுவது நல்லது. மோசமாக இருக்கும் ஓரத்தை மட்டும் விட்டு வைத்தால், பொறுக்கி எடுத்துக் காட்டுகிறார் என்ற பேச்சு வரும். நடுவிலும் ஓரத்திலும் விட வேண்டும். உழுவதற்கு முன் தேதி தெரியும்படி படங்கள் எடுத்துக்கொண்டு, ஒரு சதுர மீட்டரில் எத்தனை செடி என்று ஐந்தாறு இடங்களில் எண்ணி, பக்கத்து நிலத்துக்காரர் இருவர் கையெழுத்துடன் குறித்து வைக்க வேண்டும். சூரியகாந்தியை 60-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால் ஒரு சதுர மீட்டரில் ஐந்து அல்லது ஆறு செடி இருக்க வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 செடி. ஒன்று இரண்டுதான் இருக்கிறது என்று எண்ணிக்கையாகச் சொல்வதற்கும், "சரியாக முளைக்கவில்லை" என்று பொதுவாகச் சொல்வதற்கும் வழக்கில் வித்தியாசம் மிக அதிகம்.

வயலை ஆய்வு செய்யும்போது வேளாண்மைத் துறை அலுவலருடன், பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் அல்லது வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானி ஒருவரும், கம்பெனி பிரதிநிதியும் இருப்பது நல்லது. கம்பெனி ஆளை வயலில் சேர்க்கக் கூடாது என்று சிலர் முரண்டு பிடிக்கிறார்கள். அது தவறு. அவர் இல்லாமல் தயாரான அறிக்கையைக் கம்பெனி "எங்களுக்குத் தெரியாமல் எழுதியது" என்று தள்ளிவிடும். அழைத்தும் வரவில்லை என்றால் அந்த வாதம் அடிபட்டுப் போகும்.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமல் வாங்கி வைப்பவர்கள் உண்டு. "பயிர் எண்ணிக்கை குறைவாக உள்ளது" என்று மட்டும் இருந்தால் அது பாதி அறிக்கை. மண்ணின் ஈரம், விதைத்த ஆழம், அதே நிலத்தில் வேறு ரகம் எப்படி முளைத்தது, பூச்சி நோய் உண்டா இல்லையா என்பவற்றைப் பார்த்து, மற்றக் காரணங்கள் இல்லாததால் விதையே காரணம் என்று சொன்னால்தான் முழு அறிக்கை. இதை அலுவலரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லிக் கேட்டுப் பெறலாம். காரணம் எழுதப்படாத அறிக்கையை நம்பிப் போனவர்கள் தோற்றிருக்கிறார்கள்.

கம்பெனி சொல்லும் பதில்கள்

விதை வழக்குகளில் எதிர்த்தரப்பு சொல்லும் பதில்கள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் விடை தந்த தீர்ப்பு, 2012 ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் தந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் பல மாவட்டங்களில் தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கி விளைச்சல் பொய்த்துப்போன விவசாயிகள் மாவட்ட நுகர்வோர் மன்றங்களில் வழக்குப் போட்டு நஷ்டஈடு பெற்றார்கள். கழகம் மாநில ஆணையம் போனது. தேசிய ஆணையம் போனது. பிறகு உச்ச நீதிமன்றம் போனது. கழகமும் அரசு நிறுவனம்தான். அரசு நிறுவனம் என்றால் ஏழை விவசாயியோடு கடைசிவரை வழக்காடாது என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் வாதம், விதைக்கென்று 1966-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு ஏன் வந்தார்கள் என்பது. விதைச் சட்டம் தவறு செய்தவரைத் தண்டிக்க வழி சொல்கிறதே தவிர, நஷ்டப்பட்ட விவசாயிக்கு ஈடு தர வழி சொல்லவில்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்திற்கு எழுதப்பட்ட தண்டனை 500 ரூபாய் வரை அபராதம். அது விவசாயி கைக்கு வரும் பணமும் அல்ல.

இரண்டாவது, விதை உற்பத்திக்காக ஒப்பந்தம் போட்டு ஆதார விதை வாங்கியவர்கள் வியாபாரிகள், நுகர்வோர் அல்ல என்ற வாதம். வாங்கிய விதையை அப்படியே கைமாற்றி விற்கவில்லை. தன் நிலத்தில் விதைத்துப் பாடுபட்டுப் பிழைப்பு நடத்துகிறவர் நுகர்வோரே என்று தீர்ப்பாயிற்று. ஒப்பந்தத்தில் தகராறுகள் மத்தியஸ்தரிடம் போகவேண்டும் என்று எழுதியிருப்பதும் நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்றும் சொல்லப்பட்டது.

மூன்றாவது வாதம்தான் விவசாயிகளை அதிகம் பயமுறுத்துவது: "ஆய்வுக்கூடத்தில் விதையைப் பரிசோதிக்காமல் குறை என்று எப்படிச் சொல்லலாம்?" வாங்கிய விதை முழுவதையும் விதைப்பவர்தான் விவசாயி. பின்னால் வழக்கு வரும் என்று எண்ணி எடுத்து வைக்க அவருக்குத் தோன்றாது. அதே குவியலின் மாதிரி விற்றவரிடம் இருக்குமே, அவரே பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீதிமன்றம் கேட்டது. வயலைப் பார்த்த வேளாண் வல்லுநர்களின் அறிக்கையே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. 1998-லேயே ஒரு சூரியகாந்தி விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கருத்தைச் சொல்லியிருந்தது. ஆகவே, விதை மிச்சமில்லையே என்று மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் வயல் அறிக்கையும் இல்லாதவருக்கு இந்தத் தீர்ப்பும் கைகொடுக்காது.

வழக்கு நகரும் விதம்

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. இதன்படி விவசாயி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி ஹைதராபாத்திலோ மும்பையிலோ இருந்தாலும் அவர் அங்கே அலைய வேண்டியதில்லை. எந்த ஆணையம் என்பது கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து முடிவாகிறது. விதை விலை சில ஆயிரம் ரூபாய்தான் என்பதால் சிறு விவசாயியின் வழக்கு எல்லாம் மாவட்ட ஆணையத்துக்கே வரும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வைத்துக்கொள்ள விரும்பி வசதி இல்லாதவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் அவகாசம் தரலாம். அதற்கு மேல் இல்லை. வழக்கை மூன்று மாதத்திலும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அவ்வளவு விரைவாக முடிவதை எதிர்பார்த்து, அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது. வாய்தா நாளன்று கூலி போகும், பஸ் செலவு ஆகும். இரண்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். வழக்கில் தோற்பவர்களைவிட வழக்கைப் பாதியில் கைவிடுபவர்கள் கம்பெனிக்கு அதிக லாபம்.

நஷ்டத்தைக் கணக்கிடுவதில் நிதானம் வேண்டும். ஒன்றரை ஏக்கருக்கு லட்சக்கணக்கில் கேட்டால் மீதிச் சாட்சியத்தின் மேலேயும் நம்பிக்கை குறையும். மறுவிதைப்பு செய்தவர் விதை விலை, உழவு, விதைப்புக் கூலி, அடியுரம் ஆகியவற்றைக் கேட்கலாம். பட்டமே போனவர், பக்கத்து வயலின் மகசூலைக் காட்டலாம். அங்கே ஏக்கருக்கு 7 குவிண்டால், இவருக்கு 2 குவிண்டால் என்றால் இழப்பு 5 குவிண்டால். அதை அன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையில் பெருக்கி, அறுவடைக்கும் மூட்டைக்கும் ஆகாமல் மிச்சமான செலவைக் கழித்துக் காட்ட வேண்டும். கழிக்காமல் விட்டால் எதிர்த்தரப்பு கழிக்கச் சொல்லும். தானே கழித்துக் காட்டியவரின் கணக்கு நேர்மையானது என்று நிற்கும்.

மாவட்ட ஆணையம் தீர்ப்புக் கொடுத்தபின் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பணம் கொடுக்க உத்தரவான தரப்பு அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். உத்தரவு இறுதியாகியும் பணம் வராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத, ஒரு லட்சம் வரையிலான அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தீர்ப்பு நகலைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

கடைக்காரர் நிலையும் கம்பெனி நிலையும்

வழக்கில் முதல் எதிர்மனுதாரர் பெரும்பாலும் உள்ளூர்க் கடைக்காரர். அவரும் பல சமயம் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். சீல் வைத்த பையை வாங்கி அப்படியே விற்றார். உள்ளே இருந்த விதையை அவர் பார்க்கவில்லை. பில் கொடுத்து, உரிய முறையில் இருப்பு வைத்து, காலாவதியாகாத விதையை விற்றிருந்தால் பொறுப்பு கம்பெனி மேல் போக இடமுண்டு. பையைப் பிரித்துச் சில்லறையாக விற்றவர், வெயிலில் அடுக்கி வைத்தவர், தேதி போன விதையை விற்றவர் தப்ப முடியாது.

விவசாயிக்கு இதில் இன்னொரு சிக்கல். அதே கடைக்காரர்தான் உரத்தையும் மருந்தையும் கடனுக்குக் கொடுக்கிறார். அவர் மேல் வழக்குப் போட்டால் அடுத்த பட்டத்துக்குக் கடன் கிடைக்காது. சிறு விவசாயிகள் வழக்குக்குத் தயங்குவதற்குச் சட்டம் தெரியாதது மட்டும் காரணம் அல்ல, இதுவும் காரணம். தொடக்கத்திலேயே கடைக்காரரிடம் பேசி, கம்பெனியின் விநியோகஸ்தருக்கும் குவியல் எண்ணுக்கும் உரிய ரசீதுகளை அவரிடமிருந்து பெற்றால் அவரே சாட்சியாக மாறுவார். விவரம் அறிந்த கடைக்காரர், தன் மேல் பழி நிற்காமல் இருக்க இதைச் செய்யவே விரும்புவார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வரம்பு உள்ளவருக்கு இந்தப் பயம் குறைவு.

கம்பெனியைப் பொறுத்தவரை ஒரு விவசாயிக்குத் தரும் நஷ்டஈடு பெரிய தொகை அல்ல. வக்கீலுக்கு அதைவிட அதிகம் செலவாகலாம். அப்படியிருந்தும் படிப்படியாக மேல்முறையீடு போவது ஏன் என்று பலர் வியக்கிறார்கள். அதே குவியலை வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் வரிசையில் வருவார்கள் என்பதே காரணம். விதை ஆய்வாளர் புகாரின் மேல் கடையில் மாதிரி எடுத்தால் அதை மூன்று பாகமாக்கி, ஒன்றை விற்பவரிடம் கொடுத்து, ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஒன்றைத் தன் பொறுப்பில் வைக்கிறார். 30 நாள் வரை அந்த விதையை விற்கக் கூடாது என்று தடை போடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. விதைப்புப் பருவத்தில் 30 நாள் தடை என்பது அந்தக் குவியல் அந்த ஆண்டு விற்காது என்பதே. ஆகவே புகார் ஒருவராக இல்லாமல், ஒரே குவியலை வாங்கிய பலர் சேர்ந்து எழுதியதாக இருந்தால் கம்பெனி சமாதானம் பேச முன்வருவது விரைவாகும். சமாதானம் பேசினால் எழுத்தில் பேச வேண்டும். மாற்று விதை கொடுத்துவிட்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். படிக்காமல் போடும் அந்தக் கையெழுத்து பின்னால் வழக்கையே அடைத்துவிடும்.

விவசாயி மேல் வழக்கு வந்தால்

எப்போதும் விவசாயியே வழக்குத் தொடுப்பவர் என்று சொல்ல முடியாது. 2019 ஏப்ரலில் குஜராத்தில் பெப்சிகோ கம்பெனி, சிப்ஸ் தயாரிக்கும் எஃப்.சி.5 என்ற தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாக நான்கு விவசாயிகள் மேல், ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு அகமதாபாத் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சில ஏக்கர் மட்டுமே வைத்திருந்தவர்கள் அவர்கள். வழக்கு விவரம் அவர்களுக்குத் தெரியும் முன்பே, அவர்கள் பக்கம் கேட்காமலேயே, அந்த ரகத்தைப் பயிரிடவும் விற்கவும் இடைக்காலத் தடை வந்துவிட்டது. கம்பெனி அந்த மாத இறுதியில் ஒரு சமாதானம் சொன்னது: எங்களிடம் விதை வாங்கி எங்களுக்கே கிழங்கை விற்க ஒப்புக்கொள்ளுங்கள், அல்லது இந்த ரகத்தை இனிப் பயிரிடுவதில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

விவசாயிகள் பக்கம் நின்றது 2001-ம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 39-வது பிரிவு, பதிவு செய்யப்பட்ட ரகமானாலும் விளைபொருளை, விதை உட்பட, சேமிக்கவும் விதைக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. ஒரே கட்டுப்பாடு, பெயர் அச்சிட்ட பையில் அடைத்து அந்த ரகத்தின் விதை என்று முத்திரையிட்டு விற்கக் கூடாது. நாடெங்கும் விவசாயிகளின் எதிர்ப்பு கிளம்பியது. 2019 மே மாதத் தொடக்கத்தில் கம்பெனி வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துத் திரும்பப் பெற்றது. தீர்ப்புக்குப் போகாமலே முடிந்ததால், 39-வது பிரிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்த நீதிமன்றம் சொல்லவில்லை.

அதன்பின் ரகப் பதிவையே ரத்து செய்யக் கேட்டு விவசாயிகள் தரப்பில் மனு போடப்பட்டது. பதிவு விண்ணப்பத்தில் முதல் விற்பனைத் தேதி உள்ளிட்ட விவரங்கள் தவறு என்ற காரணத்தால் 2021 டிசம்பரில் பதிவு ரத்தாயிற்று. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதைச் சரி என்றார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து உத்தரவை விலக்கிவிட்டது. ஒரு கிழங்கு ரகத்துக்காக ஐந்து ஆண்டு வழக்கு. விவசாயிகள் மேல் போட்ட வழக்கு ஒரு மாதத்தில் முடிந்தது. ஆனால் அந்த ஒரு மாதம் கோடி ரூபாய் நோட்டீஸை வீட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் இருந்தார்கள்.

இதே சட்டத்தில் விவசாயிகள் அறிய வேண்டிய வேறு சில பிரிவுகளும் உண்டு. ஒரு ரகத்துக்கு உரிமை இருக்கிறது என்பதே தெரியாமல் பயிரிட்ட விவசாயியைக் குற்றவாளியாக்க முடியாது என்கிறது 42-வது பிரிவு. பதிவு பெற்ற ரகத்தைத் தந்தவர் அது எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு தரும் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி தராவிட்டால் அதற்கென உள்ள ஆணையத்திடம் விவசாயி நஷ்டஈடு கேட்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் எந்த நடவடிக்கைக்கும் விவசாயிக்குக் கட்டணம் கிடையாது.

இப்படி ஒரு நோட்டீஸோ சம்மனோ வந்தால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. மறுத்தாலும் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்வார்கள்; ஒருதலைப்பட்சமாக உத்தரவும் வந்துவிடும். வாங்கிக்கொண்டு, வந்த தேதியை உறையின் மேலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்தி, அந்த வாரத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வக்கீலிடமோ போக வேண்டும். வயலுக்கு வந்து கிழங்கோ விதையோ கேட்பவர் யார் என்று விசாரிக்காமல் கொடுக்கவும் கூடாது. குஜராத்தில் வியாபாரிகள் போல வந்து மாதிரி எடுத்துப் போனார்கள் என்பது விவசாயிகள் சொன்ன புகார்.

கடையில் இயந்திரத்தில் அடித்துத் தரும் பில்லின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும், கையில் இருப்பது வெள்ளைத் தாளாகிவிடும். விதை வாங்கிய அன்றே பில்லையும் அட்டையையும் ஜெராக்ஸ் எடுத்து, குவியல் எண்ணைப் பேனாவால் எழுதி, பட்டா நகலோடு சேர்த்து வைப்பது நல்லது.